‘அதாவது’: திருகோணமலையில் ஓர் ஆங்கில வகுப்பு

ஒரே ஒரு வகுப்பைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். திருகோணமலையில் பல்கலைக்கழக முதலாண்டு அறிவியல் மாணவர்களுக்கு ஒரு பருவம் முழுக்க ஆங்கிலம் எடுத்தேன். 15 வாரம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். நான் கும்பகோணத்துக்காரி. ஊரில் கலைக்கல்லூரியில் பதினோரு வருடம் இதே வேலைதான் பார்த்தேன். வெளிநாட்டில் பாடம் எடுப்பது அதுதான் முதல் தடவை. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடைப் பலகைகளில் தமிழைப் பார்த்து, மறுநாள் காலை சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலில் நின்று கும்பிட்டுவிட்டு வந்த பிறகு, வேறு நாட்டுக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பே எனக்குப் போய்விட்டது. நடந்த தவறுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

வளாகத்தின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதவில்லை. தவறு என்னுடையது, அவர்கள் பெயர் அதில் வர வேண்டியதில்லை.

வகுப்பில் இருந்தவர்கள்

மொத்தம் 28 பேர். 17 பேர் தமிழ் பேசுகிறவர்கள்: நகரத்துப் பிள்ளைகள், சாம்பல்தீவு, நிலாவெளி, மூதூர், கிண்ணியா, இரண்டு பேர் மட்டக்களப்பு. மீதி 11 பேர் சிங்களம். குருநாகல், மாத்தறை, அநுராதபுரம் என்று பல ஊர்கள். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதி நாடு முழுவதற்கும் ஒரே இடத்தில் முடிவாகிறது. அறிவியல் படிப்புகளுக்கு 40 சதவீதம் நாடு தழுவிய தரவரிசைப்படி, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதனால் ஒரு வகுப்பறைக்குள் தீவின் நாலு மூலையும் வந்து உட்கார்ந்திருக்கும்.

இவர்கள் எல்லோரும் உயர்தரம், அதாவது எங்கள் ஊர் பிளஸ் டூ, வரை பௌதிகவியலையும் இரசாயனவியலையும் தமிழிலோ சிங்களத்திலோ படித்தவர்கள். பல்கலைக்கழகத்துக்குள் காலை வைத்ததும் அதே பாடம் ஆங்கிலத்தில் வருகிறது. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு தாள் உண்டு. ஆனால் அதன் மதிப்பெண், பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கிற இசட் புள்ளியில் சேராது. எங்கள் ஊரில் பொறியியல் கட்-ஆஃபில் இங்கிலீஷ் மார்க் சேராத மாதிரியேதான். பதினெட்டு வயதில் வாழ்க்கையே அந்தப் புள்ளியில் தொங்கும்போது எந்தப் பிள்ளை அந்தத் தாளுக்கு ராத்திரி கண் விழிக்கும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிங்கள மாணவர்களிடையே ஆங்கிலத்துக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘கடுவ’. வாள் என்று பொருள். அது கையில் இருப்பவன் வெட்டுவான், இல்லாதவன் வெட்டுப்படுவான். இந்தச் சொல் பிறகு ஓர் இடத்தில் திரும்ப வரும்.

முதல் ஐந்து வாரம்

நான் பாடம் எடுத்த விதம் இது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வேன். முகங்களைப் பார்ப்பேன். புரியவில்லை என்று தெரிந்ததும் ‘அதாவது’ என்று ஆரம்பித்துத் தமிழில் விளக்குவேன். உடனே முகங்கள் மலரும். முன் வரிசையில் தலைகள் ஆடும். அந்தத் தலையாட்டல் எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. வெள்ளைக்கார ஆசிரியர் ஒருவர் வந்திருந்தால் இது கிடைக்குமா என்று பெருமையாகக்கூட நினைத்தேன்.

மூன்றாவது வாரம், திருகோணமலையில் இருக்கும் பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி ஒரு வாசிப்புப் பாடம் தயாரித்தேன். ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ல்ஸ் ஆஸ்டின், கடற்படைத் தளபதி, 1852-இல் இறந்து அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். இலக்கியம் படித்த எனக்கு அது புல்லரிக்கும் செய்தி. வகுப்பில் ஒரு சலனமும் இல்லை. அவர்களுக்கு அதில் யாரிடமும் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு போயிருந்தேன், அவ்வளவுதான்.

அதே வாரம் சாம்பல்தீவுப் பிள்ளை ஒருத்தி வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி மேசைக்கு வந்தாள். “மிஸ், நீங்க ஒரு நாளும் பேச மாட்டீங்க. அதாலதான் எங்களுக்கு உங்கட கிளாஸுக்கு வர விருப்பம்” என்றாள். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. ஒன்றரை மணி நேரம் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன், பேசவே மாட்டேன் என்கிறாளே!

சாயங்காலம் உப்புவெளியில் நான் தங்கியிருந்த வீட்டு அக்காவிடம் கேட்டேன். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே சொன்னார்: “இங்க பேசுறதெண்டா ஏசுறது, பிள்ளை. நீங்க பேசுறது எண்டு சொல்லுறத நாங்க கதைக்கிறது எண்டுதான் சொல்லுவம்.”

முதல் நாளிலிருந்து ‘தயங்காமல் பேசுங்கள்’ என்று வகுப்பில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் சினிமாவும் சீரியலும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். என் தமிழ் அவர்களுக்குத் தெரியும். எனக்குத்தான் அவர்களுடைய தமிழ் தெரியவில்லை. ‘ஆறுதலாச் சொல்லுங்க மிஸ்’ என்று ஒரு பையன் கேட்டபோது, மெதுவாகச் சொல்லச் சொல்கிறான் என்று புரியாமல், ஏதோ மனக்கஷ்டம் போலிருக்கிறது என்று அன்பாக விசாரித்திருக்கிறேன். ஒரே மொழி என்ற தைரியத்தில் பாதியைக் காதில் வாங்காமலே இருந்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளை சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. நான் திட்டாததுதான் அவள் வருவதற்குக் காரணம். அப்படியென்றால் இதுவரை அவளுக்குக் கிடைத்த ஆங்கிலப் பாடம் எப்படி இருந்திருக்கும்! ஆனால் அன்றைக்கு நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். தமிழ்ப் பிள்ளைகளை இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் இல்லையே என்று தோன்றவில்லை.

கொப்பி

ஐந்தாவது வாரக் கடைசியில் வருகைப் பதிவைக் கூட்டிப் பார்த்தேன். தமிழ் பேசும் 17 பேரில் அநேகமாக எல்லோரும் ஒழுங்காக வந்திருந்தார்கள். சிங்களப் பிள்ளைகள் முதல் வாரம் 11 பேர், ஐந்தாம் வாரம் 5 பேர். வந்த 5 பேரும் பின் வரிசை. எப்போது பின்னால் போனார்கள் என்பதுகூட எனக்கு நினைவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். பஸ் கிடைக்கவில்லை, மழை என்று காரணம் இருக்கலாம் என நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் எழுத்துப் பயிற்சிக்காகக் கொப்பிகளை, எங்கள் ஊரில் நோட்டு என்போம், வாங்கினேன். குருநாகல் பிள்ளை ஒருத்தியின் கொப்பியில், பக்க ஓரத்தில் பென்சிலால் சிங்கள எழுத்தில் சில சொற்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஒரு சொல்லுக்கு மட்டும் இரண்டு முறை அடிக்கோடு. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அவளையே கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன்.

வாசித்தாள். ‘சரி’, ‘அப்புறம்’, ‘இல்லையா’. அடிக்கோடு போட்டிருந்த சொல் ‘அதாவது’.

தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் விளக்கினாள். நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் முன் வரிசையில் எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. அதனால் அதுதான் பாடத்தில் முக்கியமான சொல்லாக இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். அகராதியில் தேடியும் கிடைக்கவில்லையாம். ஐந்து வாரமாக ஆங்கில வகுப்பில் உட்கார்ந்து, எனக்குத் தெரியாமல், தன்னந்தனியாகத் தமிழ் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கொப்பியை மூடிக் கையில் கொடுத்தேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

மாற்றியது

இலங்கை அரசியலமைப்பில் 1987-இல் வந்த 13-ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று வைத்தது. இதைப் பரீட்சைக்குப் படிக்கிற வாசகம் போலத்தான் நானும் வாசித்திருந்தேன். ஆனால் என் வகுப்பறையில் அது கண்ணுக்கு முன்னால் நடக்கக்கூடிய விஷயம். மூதூர்ப் பிள்ளைக்கும் மாத்தறைப் பையனுக்கும் நடுவில் வேறு மொழி கிடையாது. கும்பகோணத்தில் என் மாணவர்களை ‘இங்கிலீஷில் பேசு’ என்று சொன்னால், எதிரே இருப்பவனுக்குத் தமிழ் தெரியும் என்பதால் அது நாடகமாகிவிடும். இங்கே அந்த நாடகம் தேவையே இல்லை. அதை நான் பயன்படுத்தாமல் விட்டதோடு, நடுவில் தமிழைக் கொண்டுவந்து அடைத்தும் வைத்திருந்தேன்.

வராமல் போன ஆறு பேருக்கும் ஆள் அனுப்பி, நேரில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். நாலு பேர் திரும்பி வந்தார்கள்.

ஆறாவது வாரத்திலிருந்து ஒழுங்கை மாற்றினேன். எந்த வேலையைத் தொடங்கினாலும் முதல் ஐந்து நிமிடம் அவரவர் மொழியில், அவரவர் ஆட்களோடு யோசிக்கலாம். தாய்மொழியைத் துரத்திவிட்டால் ஆங்கிலம் வந்துவிடும் என்பதை நான் நம்புவதில்லை; யோசிக்க விடாமல் வாயை மட்டும் திறக்கச் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்கிற கொடுமை. ஆனால் அந்த ஐந்து நிமிடம் இரண்டு மொழிக்கும் சமமாக இருக்க வேண்டும். பிறகு கலந்த சோடிகள், முடிந்த மட்டும் ஒரு தமிழ், ஒரு சிங்களம். ஆள் கணக்கு ஒத்துவராத இடத்தில் மூன்று பேர். மேசைக்கு முன்னால் நின்று தமிழில் விளக்குவதை நிறுத்திவிட்டேன். ‘அதாவது’ என்று வாய் வரைக்கும் வந்துவிடும். விழுங்கிக்கொள்வேன்.

இந்த ஒழுங்கில் நான் எதிர்பார்க்காத ஒன்று ஏழாவது வாரம் நடந்தது. ஆங்கிலத்தில் ‘எ’ (a), ‘த’ (the) இரண்டும் எங்கே வரும் என்பது தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தீராத தலைவலி. ‘எ’ என்பதற்கு ‘ஒரு’ என்று சொல்லிச் சமாளிக்கலாம். ‘த’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? மாத்தறைப் பையன் ஒருவன் தன் சோடிக்குப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினான். ‘பொத’ என்றான், ‘த புக்’. பிறகு அலமாரியில் இருந்த ஏதோ ஒன்றைக் காட்டி ‘பொதக்’ என்றான், ‘எ புக்’. சிங்களத்தில் பெயர்ச்சொல் கடைசியில் ஒரு ஒட்டு சேர்ந்தால் ஏதோ ஒன்று. சேராவிட்டால் இருவருக்கும் தெரிந்த அது. பதினோரு வருடமாக நான் கரும்பலகையில் போராடிய பாடம் ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டியதில் முடிந்தது. வேகமாகப் போய் மற்றச் சோடிகளுக்கும் அதைக் காட்டச் சொன்னேன்.

அடுத்த வாரம் கடன் திரும்பியது. ‘கம்’ எங்கே, ‘கம்ஸ்’ எங்கே என்பதில் சிங்களப் பிள்ளைகள் தடுமாறினார்கள். பேச்சுச் சிங்களத்தில் அவன் வந்தாலும் அவர்கள் வந்தாலும் வினை ஒன்றுதான்: ‘எனவா’. தமிழில் வருகிறான், வருகிறாள், வருகிறார்கள் என்று வால் மாறிக்கொண்டே இருக்கும். சாம்பல்தீவுப் பிள்ளை தன் விரல்களை மடக்கி ஒவ்வொரு வாலாக எண்ணிக் காட்டி, ஆங்கிலத்தில் ஒரே ஒரு வால்தான், அதையும் மறந்தால் எப்படி என்கிற பொருளில் ஏதோ சொன்னாள். அவள் வாக்கியத்தில் மூன்று பிழை. நான் திருத்தவில்லை.

கன்னியா

பதினோராவது வாரம் ஒரு சனிக்கிழமை கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். நகரிலிருந்து அநுராதபுரம் வீதியில் போய்த் திரும்ப வேண்டும். ஏழு சின்னக் கிணறுகள், சதுரமாகக் கட்டியவை, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வார்கள். அறிவியல் பிள்ளைகள் என்பதால் வெப்பமானி எடுத்து வந்திருந்தார்கள். எது சூடு, எது அதைவிடச் சூடு, எது எல்லாவற்றிலும் சூடு என்று ஒப்பிட்டு எழுதுவது முதல் வேலை. அது சட்டென்று முடிந்துவிட்டது.

இரண்டாவது வேலைக்கு ஒரு விதி வைத்தேன்: தெரிந்தவர் எழுதக் கூடாது. இந்த இடத்தைப் பற்றி அறியாதவர்தான் எழுத வேண்டும். அறிந்தவர் சொல்ல மட்டும் செய்யலாம். எழுதுகிறவர் கேட்டுக் கேட்டுத்தான் எழுத முடியும்.

நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் நிலாவெளிப் பையன் ஒருவனும் அந்தக் குருநாகல் பிள்ளையும். இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக நிலத்தில் வாளால் குத்த, அங்கே ஊற்று வந்தது என்பது ஊர்க்கதை. பையனுக்கு வாளுக்கு ஆங்கிலம் நினைவில் வரவில்லை. குடையை எடுத்து நிலத்தில் குத்திக் காட்டினான். அவள் ‘ஸ்டிக்’ என்று எழுதப் போனாள். “நோ, நோ” என்று குடையைக் காற்றில் வீசினான். அவள் கண் விரிந்தது. “கடுவ!” என்று கத்திவிட்டாள். பிறகு இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. போனில் தேடி ‘ஸ்வோர்ட்’ என்று வாசித்தாள். நடுவில் ‘வ’ சத்தம் வராது, ‘ஸோர்ட்’ என்று நான் அப்போதுதான் சொன்னேன். அதை அவள் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். தமிழ்ப் பையனுக்குக் ‘கடுவ’ என்றால் ஆங்கிலத்துக்கான பட்டப்பெயர் என்பதையும், ஏன் அந்தப் பெயர் என்பதையும் ஆங்கிலத்திலேயே விளக்க அவளுக்கு ஐந்தாறு நிமிடம் பிடித்தது. நான் கொடுத்த தாளில் இப்படி ஒரு கேள்வியே இல்லை.

அதற்குப் பிறகு அவன் தன் அப்பப்பாவின் அந்தியேட்டியை இங்கே செய்ததைச் சொல்லத் தொடங்கினான். முப்பத்தோராம் நாள் காரியம். ‘சாம்பல்’, ‘ஆத்மா’, ‘பிண்டம்’ ஒன்றுக்கும் சொல் இல்லை. ஒவ்வொன்றையும் சுற்றி வளைத்துச் சொன்னான். “யூ ஆல்சோ?” என்று நிறுத்திக் கேட்டான். அவள் தங்கள் வீட்டில் ஏழாம் நாள் பிக்குகளுக்குத் தானம் கொடுப்பதை, பிறகு மூன்றாம் மாதத் தானத்தைச் சொன்னாள். தன் அம்மம்மாவைப் பற்றிச் சொல்லும்போது காலத்தைத் தவற விட்டாள், இறந்தவரை இருக்கிறவராகவே சொல்லிக்கொண்டு போனாள். பையன் குறுக்கிடவில்லை. எனக்கும் அதைத் திருத்தத் தோன்றவில்லை.

கிடைத்ததும் கிடைக்காததும்

கடைசி வாரம் 26 பேரில் 20 பேர் குறிப்பில்லாமல் மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் நின்று கதைத்தார்கள். முதல் வாரம் இதைச் செய்தவர்கள் 4 பேர். கேட்பவருக்குப் புரியாவிட்டால் வேறு விதமாகத் திருப்பிச் சொல்லும் பழக்கம் வந்திருந்தது. எனக்கு அதுதான் பெரிது. திக்குவது இல்லாமல் போகவில்லை, ஆனால் திக்கிய இடத்திலேயே யாரும் நின்றுவிடவில்லை.

பருவப் பரீட்சை பேச்சைப் பார்க்காது. கோடிட்ட இடம் நிரப்புக, வாக்கியத்தை மாற்றுக என்கிற தாள். அதில் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை. ‘பொத, பொதக்’ விளங்கியவர்கள்கூடத் தாளில் ‘த’ போட மறந்திருந்தார்கள். விளங்குவதற்கும் கை எழுதுவதற்கும் நடுவில் 15 வாரத்தைவிடத் தூரம் அதிகம். திரும்பி வராத இரண்டு பேர் கடைசி வரை வரவில்லை. அவர்களை நான்தான் இழந்தேன்.

இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் இந்த ஆய்வு நேர்மையாக இருக்காது. மூதூர்ப் பிள்ளை ஒருத்தி ஒன்பதாவது வாரம் வந்து நின்றாள். “முந்தி கொஞ்சமாச்சும் விளங்கிச்சி மிஸ். இப்ப ஒண்டும் விளங்குதில்ல” என்றாள். குரல் தழுதழுத்தது. வகுப்பிலேயே மிகவும் பின்தங்கி வந்தவள் அவள்தான். என் தமிழைப் பிடித்துக்கொண்டுதான் முதல் ஐந்து வாரத்தைக் கடந்திருக்கிறாள். 11 பேருக்குக் கதவைத் திறந்தபோது அவளுடைய கைப்பிடியை நான் எடுத்துவிட்டேன். வகுப்புக்கு வெளியே வாரம் ஒரு மணி நேரம் தமிழில் விளக்க ஏற்பாடு செய்தேன். அதே ஒரு மணி நேரத்தைச் சிங்களத்தில் எடுக்கச் சக ஆசிரியர் ஒருவரைக் கேட்டுக்கொண்டேன், அவரும் மனமுவந்து எடுத்தார். மூதூருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் அவளால் பாதி நாள் இருக்க முடியவில்லை. இதை முதல் வாரத்திலேயே செய்திருந்தால் இரண்டு பக்கமும் தப்பித்திருக்கும்.

அவள் அந்தத் தாளில் சில புள்ளிகளில் தவறிவிட்டாள். மறுபடி எழுத வேண்டும். நான் ஊருக்குத் திரும்பி இரண்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு இடத்தில் ‘த வாட்டர்’ என்றும் இன்னொரு இடத்தில் வெறும் ‘வாட்டர்’ என்றும் ஏன் வருகிறது என்று தமிழில் கேட்டிருந்தாள். நாலு நிமிடம் தமிழில் பதில் சொல்லி அனுப்பினேன், ‘அதாவது’ எத்தனை தடவை வந்தது என்று எண்ணவில்லை. “இப்ப விளங்கிச்சி மிஸ்” என்று பதில் போட்டாள். மறுநாள் அடுத்த கேள்வி வந்திருந்தது, அதுவும் தமிழில்.